நம் ஆங்கில வாக்கியம் எங்கே உடைகிறது

போன வாரம் என் அக்கா மகள் வாட்ஸப்பில் ஒரு மெயிலை ஒட்டி, "சித்தி, இதை டீம் லீடருக்கு அனுப்பப் போகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பதிவில் வரும் எல்லா ஆங்கில வாக்கியங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் வாக்கியப் பிழை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

"சார், ஐ ரீச்ட் தி கிளையன்ட் ஆபீஸ் அட் டென், செக்யூரிட்டி டிட் நாட் அலோ மீ, ஐ கால்ட் தேர் மேனேஜர், ஹி டோல்ட் தட் ஐ வில் கம் ஆஃப்டர் லன்ச், ஐ வெயிட்டட் டில் த்ரீ. ஆஸ் ஐ வாஸ் நாட் ஹேவிங் ஐடி கார்டு."

மொத்த மெயிலே இவ்வளவுதான். ஸ்பெல்லிங் எல்லாம் சரியாக இருக்கிறது, வேர்டில் போட்டால் சிவப்புக் கோடு ஒன்றுகூட விழாது. ஆனால் படித்து முடித்ததும் கேள்விகள் வருகின்றன. சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதாகச் சொன்னது யார், அந்த மேனேஜர் தானே வருவதாகச் சொன்னாரா, இல்லை இவளை வரச் சொன்னாரா? ஐடி கார்டு இல்லாததால் உள்ளே விடவில்லையா, அதனால் மூன்று மணி வரை காத்திருந்தாளா? இதையே அவள் எனக்குப் போனில் தமிழில் சொல்லியிருந்தால் ஒரு சந்தேகமும் வந்திருக்காது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில். இப்போது 14 வருடமாகச் சென்னையில், மற்றவர்கள் எழுதுகிற ஆங்கில ஆவணங்களைத் திருத்துவதுதான் என் வேலை. என் முதல் அலுவலகத்தில் நான் எழுதிய முதல் ரிப்போர்ட் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எது தப்பு என்று அடித்துக் காட்டியிருந்தார்கள், அந்தத் தப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதுவிட்டுத்தான் வந்தேன். பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது: நம் ஆட்கள் எழுதும் உடைந்த ஆங்கில வாக்கியத்தைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு முழுசான, சரியான தமிழ் வாக்கியம் இருக்கிறது. அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது பாதி முடிந்த மாதிரி.

முதலில் அந்தக் கமாக்கள். "காலையில் எழுந்து, பல் தேய்த்து, டீ குடித்து, பஸ் பிடித்து, ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்." இதில் எழுந்து, தேய்த்து, குடித்து, பிடித்து எல்லாம் வினையெச்சம். எச்சம் என்றாலே இன்னும் பாக்கி இருக்கிறது, பொறு என்று அர்த்தம். 'சேர்ந்தேன்' என்று வந்ததும் வாக்கியம் முடிந்துவிட்டது, அதனால்தான் அதற்கு வினைமுற்று என்று பெயர். முடிந்ததா முடியவில்லையா என்ற சேதியை நம் வினைச்சொல் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. பனை ஓலையில் எழுதிய காலத்தில் நமக்குக் கமாவும் இல்லை, ஃபுல் ஸ்டாப்பும் இல்லை, இந்தக் குறிகள் எல்லாம் ஐரோப்பியர்களின் அச்சு எழுத்தோடு வந்து சேர்ந்தவை. இன்றைக்கும் ஒரு தமிழ்ப் பத்தியில் ஃபுல் ஸ்டாப்பை எல்லாம் அழித்துவிட்டுப் படித்தால் அனேகமாக எல்லா இடத்திலும் சரியாக நிறுத்திவிடுவோம்.

ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. 'ரீச்ட்' என்ற சொல்லைப் பார்த்து இங்கே முடிந்ததா, இன்னும் வருமா என்று சொல்ல முடியாது. அந்தச் சுமை முழுவதும் நிறுத்தக்குறி மேலும் இணைப்புச் சொல் மேலும் விழுகிறது. அதனால்தான் அவர்கள் கண்டிப்பாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தனித்தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது கமா ஸ்ப்ளைஸ். கமாகூட இல்லாமல் ஓடவிட்டால் ரன்-ஆன். ரன்-ஆன் என்றால் நீளமான வாக்கியம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "ஐ கால்ட் ஹிம் ஹி டிட் நாட் பிக் அப்", எட்டே சொல், அதுவும் ரன்-ஆன்தான். நூறு சொல்லில் எழுதினாலும் ஒழுங்காக இணைத்திருந்தால் ரன்-ஆன் ஆகாது.

கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றுதான். கமா வருகிற இடத்தில் நிறுத்தி, இடது பக்கத்தை மட்டும் ஒரு தடவை, வலது பக்கத்தை மட்டும் ஒரு தடவை தனியாகப் படிப்பேன். "ஐ ரீச்ட் தி கிளையன்ட் ஆபீஸ் அட் டென்", தனியாக நிற்கிறது. "செக்யூரிட்டி டிட் நாட் அலோ மீ", இதுவும் நிற்கிறது. இரண்டும் நின்றால் நடுவில் இருக்கும் கமா போதாது. அங்கே ஃபுல் ஸ்டாப் வைக்கலாம், இல்லையென்றால் கமாவோடு 'அண்ட்', 'பட்', 'சோ' மாதிரி ஒன்றைச் சேர்க்கலாம், இல்லையென்றால் ஒரு பக்கத்தை 'வென்', 'பிகாஸ்' போட்டு இன்னொன்றுக்குக் கீழே கொண்டுவரலாம், அதாவது முற்றை எச்சமாக மாற்றுகிற அதே வேலை. செமிகோலனும் போடலாம். 1490-களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சாளர் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த குறி அது, கமாவை விட அழுத்தமாக, ஃபுல் ஸ்டாப்பை விட மெதுவாக நிறுத்துவது. ஆனால் புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஃபுல் ஸ்டாப் வைக்கப் பழகட்டும், மற்றது தானாக வரும்.

இதில் படித்தவர்களே விழுகிற ஒரு குழி இருக்கிறது, 'ஹவ்எவர்'. அகராதியைத் திறந்தால் 'பட்' என்பதற்கும் ஆனால், 'ஹவ்எவர்' என்பதற்கும் ஆனால் என்றுதான் போட்டிருக்கும். அதனால் "ஐ கால்ட் ஹிம், ஹவ்எவர் ஹி டிட் நாட் பிக் அப்" என்று எழுதிவிடுகிறோம். 'பட்' இரண்டு வாக்கியத்தை முடிச்சுப் போடும், 'ஹவ்எவர்' போடாது. ஒரு சோதனை: 'ஹவ்எவர்' என்பதை வாக்கியத்துக்குள் நகர்த்தலாம், "ஹி, ஹவ்எவர், டிட் நாட் பிக் அப்" என்று சொல்ல முடியும். 'பட்' என்பதை அப்படி நடுவில் கொண்டுபோய் வைக்க முடியாது. நகர்கிற சொல் முடிச்சாக இருக்க முடியாது, அதற்கு முன்னால் ஃபுல் ஸ்டாப்போ செமிகோலனோ வேண்டும். 'தேர்ஃபோர்', 'தென்', 'மோர்ஓவர்' எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

சரி, இப்போது அந்த மெயிலின் கடைசித் துண்டு. "ஆஸ் ஐ வாஸ் நாட் ஹேவிங் ஐடி கார்டு." தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்த 'ஆஸ்' எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, லீவ் லெட்டர்தான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்து நாம் எல்லோரும் எத்தனை லெட்டர் எழுதியிருப்போம். அதில் 'ஃபீவர்' என்ற சொல்லுக்கு அப்புறம் ஃபுல் ஸ்டாப் வைத்துவிட்டு "சோ கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியவர்கள்தான் அதிகம். முதல் பாதி ஃபிராக்மென்ட், அதாவது ஒரு முறிந்த துண்டு.

ஏன் முறிகிறது? தமிழில் "காய்ச்சல் அடிப்பதால்" என்று சொல்லும்போது அந்த 'ஆல்' கடைசியில் வருகிறது. 'போது', 'உடன்', 'ஆலும்' எல்லாமே வாலில் வருபவை. எழுதி முடிக்கும் இடத்திலேயே பாக்கி இருப்பது தெரிந்துவிடுவதால் அங்கே நாம் ஃபுல் ஸ்டாப் வைக்க மாட்டோம். ஆங்கிலத்தில் 'ஆஸ்', 'பிகாஸ்', 'வென்', 'தோ' எல்லாம் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது தலையில் என்ன வைத்தோம் என்பது மறந்துபோகிறது, கண்ணுக்கு முன்னால் இருப்பது "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்", அது முற்று மாதிரித் தெரிகிறது, புள்ளி வைத்துவிடுகிறோம். போதாததற்கு நமக்கு 'ஏனென்றால்' என்ற ஒரு சொல் இருக்கிறது. "நேற்று நான் வரவில்லை. ஏனென்றால் பஸ் இல்லை." தமிழில் இது இரண்டு வாக்கியம், தப்பே இல்லை. அதை அப்படியே "பிகாஸ் தேர் வாஸ் நோ பஸ்." என்று தனி வாக்கியமாக இறக்கினால் அங்கே துண்டாகத் தொங்குகிறது. பேச்சில் எல்லோரும் சொல்வார்கள், இங்கிலாந்துக்காரர்களும் சொல்வார்கள். ஆபீஸ் மெயிலில் வேண்டாம். ஃபுல் ஸ்டாப் வைக்குமுன் வாக்கியத்தின் தலையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள், 'ஆஸ்', 'பிகாஸ்', 'தோ' இருந்தால் இன்னொரு முழு வாக்கியம் கூட வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

லீவ் லெட்டரில் வருகிற "ஐ குட் நாட் ஏபிள் டு" கூட இப்படித்தான். நமக்கு 'முடியவில்லை' என்று ஒரே சொல். அவர்களிடம் 'குட் நாட்' என்று ஒரு வழியும் 'வாஸ் நாட் ஏபிள் டு' என்று இன்னொரு வழியும் இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டு எழுதும்போது சேர்த்துவிடுகிறோம். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்.

"தோ இட் வாஸ் ரெயினிங், பட் வீ வென்ட்" என்று எழுதுவதற்கு நான் பாதிப் பழியைப் பரீட்சை மேல்தான் போடுவேன். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதச் சொல்லுவார்களே, "ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்" என்பதைத் 'தோ' போட்டு மாற்று என்று. இரண்டையும் ஜோடியாகவே மனப்பாடம் செய்ததால் ஜோடியாகவே வெளியே வருகின்றன. 'மழை பெய்தாலும்' என்று சொல்லிவிட்டு 'ஆனால் போனோம்' என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டோம், 'ஆலும்' ஒன்றே போதும் என்று நமக்குத் தெரியும். அந்த அறிவை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு இயந்திரத்தின் கையேட்டில் இப்படி ஒரு வரி என் மேசைக்கு வந்தது: "ஆஃப்டர் ரீடிங் தி மானுவல், தி மெஷின் ஷுட் பி ஸ்விட்ச்ட் ஆன்." எழுதியவர் நல்ல எஞ்சினியர். ஆங்கிலக் காதுக்கு இது மெஷினே கையேட்டைப் படித்துவிட்டு வந்த மாதிரிக் கேட்கும். 'ரீடிங்' என்று தொடங்கும் துண்டுக்கு எழுவாய் இல்லை, அதனால் கமாவுக்கு அப்புறம் முதலில் எந்தப் பெயர் வருகிறதோ அதன்மேல் போய் அது ஒட்டிக்கொள்ளும். இதை டாங்லிங் மாடிஃபையர் என்பார்கள், பற்ற இடமில்லாமல் தொங்குகிற அடை.

இந்த விதி நமக்குப் புதிது இல்லை. தொல்காப்பியம் வினையியலில் எச்ச வாய்பாடுகளை அடுக்கிவிட்டு, "அவற்றுள், முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்று சொல்கிறது. அதாவது 'செய்து' முதலான முதல் மூன்றும், யார் அந்தச் செயலைச் செய்தாரோ அவருடைய வினையைக் கொண்டே முடிய வேண்டும். 'அவள் வந்து சாப்பிட்டாள்' என்றால் வந்ததும் சாப்பிட்டதும் ஒரே ஆள். ஆங்கில ஆசிரியர்கள் டாங்லிங் மாடிஃபையர் என்று சொல்லிக்கொடுக்கும் விதி அப்படியே இதுதான். அப்புறம் ஏன் நமக்குத் தவறுகிறது? தமிழ் இந்த விதியில் ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோம், பெய்தது மழை, நிறைந்தது குளம். 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம், பட்டது சூரியன், வந்தது அவன். அதோடு 'போது' போட்டால் எழுவாயைப் பற்றிய கவலையே இல்லை, 'நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்றால் நடந்தது நான் என்று எல்லோருக்கும் புரியும். அதையே "வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், தி ரெயின் ஸ்டார்ட்டட்" என்று எழுதினால் மழை பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோகிறது. ஆங்கிலத்தில் இந்த ஜன்னல்கள் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'இங்' துண்டில் வாக்கியம் தொடங்கினால், கமாவுக்கு அப்புறம் வருகிற முதல் பெயரைப் பிடித்து, இதைச் செய்தது நீதானா என்று கேளுங்கள். இல்லை என்றால் துண்டுக்குள் எழுவாயைக் கொண்டுவந்துவிடுங்கள்: "வென் ஐ வாஸ் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப்". அந்த எஞ்சினியரின் வரி "ரீட் தி மானுவல் பிஃபோர் யூ ஸ்விட்ச் ஆன் தி மெஷின்" என்று ஆனது.

இனி, அந்த மெயிலில் மேனேஜர் சொன்னது. "ஹி டோல்ட் தட் ஐ வில் கம் ஆஃப்டர் லன்ச்." அடியில் இருக்கும் தமிழ், 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார்'. நம் 'என்று' அடுத்தவர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே தூக்கிக்கொண்டு வரும், 'வருகிறேன்' என்று அவர் சொன்னது 'வருகிறேன்' ஆகவே இருக்கும். ஆங்கிலத்தின் 'தட்' அந்த மாதிரி ஏந்திக்கொள்ளாது, அதற்குள் 'ஐ' என்று போட்டால் அந்த 'ஐ' எழுதுகிறவள்தான். இதற்கு நான் கண்டுபிடித்த சுலபமான வழி, ஆங்கிலத்துக்குப் போகுமுன் தமிழிலேயே ஒரு முறை மாற்றிக்கொள்வது. 'வருகிறேன் என்றார்' என்பதை 'தான் வருவதாகச் சொன்னார்' என்று மாற்றுங்கள். 'வருகிறேன்' போய்விட்டது, 'தான்' வந்துவிட்டது, இனி "ஹி செட் தட் ஹி வுட் கம்" என்பது தானாக வரும். 'டோல்ட்' போட்டால் யாரிடம் என்று சேர்க்க வேண்டும், "ஹி டோல்ட் மீ".

கேள்விகளிலும் இந்த 'என்று'தான் விளையாடுகிறது. "வேர் யூ ஆர் கோயிங்?" என்று கேட்கிறோம், "டெல் மீ வேர் ஆர் யூ கோயிங்" என்று எழுதுகிறோம். நேராகக் கேட்கும்போது வினையை முன்னால் கொண்டுவர வேண்டும், கொண்டுவருவதில்லை. வாக்கியத்துக்குள் அடங்கிய கேள்வியில் கொண்டுவரக் கூடாது, அங்கே கொண்டுவந்துவிடுகிறோம். 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' என்பதும் 'நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள்' என்பதும் நமக்கு ஒரே வரிசை. ஆங்கிலத்தில் நேராகக் கேட்கிற கேள்விக்கு மட்டும்தான் அந்தப் புரட்டல். "வேர் ஆர் யூ கோயிங்?", "டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்." இந்த இரண்டையும் பத்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் காது பிடித்துக்கொள்ளும். 'ஐ டோன்ட் நோ', 'டெல் மீ', 'கேன் யூ டெல் மீ' என்று ஒரு வாக்கியம் தொடங்கியதுமே உள்ளே புரட்டக் கூடாது என்று மணி அடிக்க வேண்டும்.

"தி ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட் இஸ் நியர் தி டேங்க்." இது நான் எழுதியது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது. 'நான் படித்த பள்ளி' என்ற தமிழில் ஒரு குறையும் இல்லை. பெயரெச்சம் அவ்வளவு சக்தி உள்ளது. நன்னூல், செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு வகைப் பெயரையும் அது கொண்டு முடியும் என்கிறது. உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட வீடு, உண்ட நாள், உண்ட சோறு, எல்லாவற்றுக்கும் ஒரே 'உண்ட'. கலத்தில், வீட்டில், நாளில் என்ற வேற்றுமை எல்லாம் உள்ளே கரைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது கரையாது. சோற்றுக்கு வெறும் 'விச்' போதும், வீட்டுக்கு 'இன் விச்', நாளுக்கு 'ஆன் விச்', கலத்துக்கு 'ஃப்ரம் விச்'. ஆகவே முதலில் தனி வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள், "ஐ ஸ்டடீட் இன் தி ஸ்கூல்". அதில் 'இன்' இருந்ததா? அப்படியென்றால் சேர்த்து எழுதும்போதும் அது எங்காவது இருக்க வேண்டும்: "தி ஸ்கூல் ஐ ஸ்டடீட் இன்", இல்லையென்றால் "தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்". 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்', 'தி பென் விச் ஐ ரைட்' எல்லாவற்றுக்கும் இதே மருந்து.

"ஐ டிட் நாட் வென்ட்" பற்றி ஒரு வரி போதும். 'போகவில்லை' என்ற சொல்லைப் பிரித்தால் போக, இல்லை. அதில் 'போன' இல்லை. அந்தப் 'போக'தான் அவர்களுடைய 'கோ', ஆகவே "டிட் நாட் கோ". நம் மொழியே சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, யாரும் காட்டித் தரவில்லை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்பதும் அப்படித்தான், 'நண்பர்களில் ஒருவர்' என்று தமிழில் 'கள்' போடுகிறோமே, அங்கே 'ஃப்ரெண்ட்ஸ்'.

பட்டியல்களில் வருகிற உடைசல் ஒன்று இருக்கிறது, அதற்கு ஐம்பது லட்சம் டாலர் விலை கொடுத்த கதை அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் நடந்தது. அங்கே ஓவர்டைம் சட்டத்தில் எந்தெந்த வேலைக்கு விலக்கு என்று ஒரு பட்டியல்: "கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். ஷிப்மென்ட் என்பதற்கு அப்புறம் கமா இல்லை, ஆகவே விலக்கு ஷிப்மென்டுக்காகவோ டிஸ்ட்ரிபியூஷனுக்காகவோ பேக் செய்கிற வேலைக்குத்தான், நாங்கள் பேக் செய்வதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம், எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்றார்கள். கமாவைப் பற்றித்தான் உலகம் முழுக்கப் பேசினார்கள், ஆனால் அவர்களுடைய வாதத்தில் இன்னொன்றும் இருந்தது: மற்ற வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன, டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் முடியவில்லை, அது ஷிப்மென்டின் ஜோடி. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்கு அப்புறம் மாநிலம் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது கமாக்களை செமிகோலன் ஆக்கியதோடு நிற்கவில்லை, 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்றும் மாற்றினார்கள்.

பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்பதைப் பேரலலிசம் என்கிறார்கள். நமக்கு இது 'உம்' மூலமாக ரத்தத்திலேயே இருக்கிறது. 'படிப்பதும் எழுதுவதும் வரைவதும் பிடிக்கும்' என்கிறோம், 'படிப்பதும் எழுத வரைவதும்' என்று நம் வாய் சொல்லவே சொல்லாது. ஆனால் ரெஸ்யூமேயில் "ரெஸ்பான்சிபிள் ஃபார் டெஸ்டிங், டு பிரிப்பேர் ரிப்போர்ட்ஸ் அண்ட் கிளையன்ட் கால்" என்று எழுதுகிறோம். ஒவ்வொன்றின் பின்னாலும் மனசுக்குள் ஒரு 'உம்' போட்டுப் பாருங்கள், எது ஒட்டவில்லையோ அதை மாற்றுங்கள்.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. போனில் கூப்பிட்டு, நடந்ததைத் தமிழில் ஒவ்வொரு வாக்கியமாக, ஒவ்வொரு முற்று வந்ததும் நிறுத்திச் சொல் என்றேன். சொன்னாள், கூடவே டைப் செய்தாள். கால் மணி நேரத்தில் இப்படி வந்தது:

"ஐ ரீச்ட் தி கிளையன்ட்ஸ் ஆபீஸ் அட் டென், பட் செக்யூரிட்டி டிட் நாட் லெட் மீ இன் பிகாஸ் ஐ டிட் நாட் ஹேவ் மை ஐடி கார்டு. ஐ கால்ட் தேர் மேனேஜர். ஹி செட் தட் ஹி வுட் கம் ஆஃப்டர் லன்ச். ஐ வெயிட்டட் டில் த்ரீ."

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வாக்கியங்கள் தனித்தனியாக நின்றதால் அப்போதுதான் எனக்கே கண்ணில் பட்டது. "அம்மா, மூணு மணி வரை காத்திருந்தாயே, அந்த மனுஷன் வந்தாரா இல்லையா?" என்று கேட்டேன்.

"வரவே இல்லை சித்தி, அதைச் சொல்லத்தானே மெயிலே."